வட்டம் போட்டவர்களும் கோடு போட்டவர்களும்

போன மாதம் நெல்லிக்குப்பம் போயிருந்தேன். அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் அங்கே ஒரு பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருக்கிறார். டீக்கடை வாசலில் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

“ஏம்பா, நீ பிளான் போட்டுக் குடுத்த வைஃபை சாயங்காலம் நாலரைக்குச் செத்துப்போவுது. காலையில எட்டரைக்குத் தானா உசுரு வருது. காத்து கருப்பு எதுனா புடிச்சிருக்கா பாரு.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் அந்தப் பிளானைப் போட்டது நான். தரைத்தளமும் மாடியும் சேர்த்து 14 அறைகள். சென்னையில் என் மேசையில் உட்கார்ந்தபடியே கட்டட வரைபடத்தை மென்பொருளில் ஏற்றினேன். செங்கல் சுவருக்கு இத்தனை டெசிபல் இழப்பு, கான்கிரீட் தளத்துக்கு இத்தனை என்று கொடுத்தேன். 7 ஆக்சஸ் பாயின்ட் போட்டால் எல்லா அறையிலும் மைனஸ் 67 டிபிஎம்-க்குக் குறையாது என்று வந்தது. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க 1, 6, 11 என்று சேனலும் பிரித்துக் கொடுத்தேன். படம் முழுக்கப் பச்சை. அதை வாட்ஸப்பில் அனுப்பும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போய்ப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் காரணம் தெரிந்துவிட்டது. ஏழு பெட்டிக்கும் ஒரே கேபிளில் டேட்டாவும் கரன்ட்டும் கொடுக்கிற சுவிட்ச் அலுவலக அறையில் இருக்கிறது. நாலரைக்கு அங்கே இருக்கும் கிளார்க் மெயினை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியோடு கிளம்பிவிடுகிறார். பல வருஷப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் தொடங்குவது நாலே முக்காலுக்கு. வைஃபை போட்டதே அவர்களுக்காகத்தான்.

நான் போட்ட படத்தில் சுவரின் கனம் இருந்தது, இரும்பு பீரோ இருந்தது, மாடித் தண்ணீர்த் தொட்டிகூட இருந்தது. சாவி இல்லை.

அந்த வெட்கத்தில் திரும்பி வந்து, நம் பக்கத்தில் இதற்கு முன் போடப்பட்ட வயர்லெஸ் அமைப்புகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் மறுபடி படித்தேன். ஒன்று எங்கள் ஊரிலேயே நடந்தது. ஒன்று பக்கத்தில் வில்லியனூரில். மூன்றாவது தேனியில். இவை பள்ளிக்கூடத்தைவிடப் பல மடங்கு பெரியவை, தொழில்நுட்பமும் வேறு. ஆனால் பிளான் போடுகிறவன் முதலில் காகிதத்தில் எதை வரைகிறான் என்று பார்த்தால், இரண்டே பழக்கம்தான் தெரிகிறது. சிலர் வட்டம் போடுகிறார்கள்: இந்தக் கம்பத்திலிருந்து சிக்னல் எவ்வளவு தூரம் போகும்? சிலர் கோடு போடுகிறார்கள்: இங்கே இருக்கும் இந்த ஆளுக்கு அங்கே இருக்கும் அந்த ஆளோடு என்ன வேலை, நடுவில் என்ன மரம் நிற்கிறது? நான் வட்டம் போடுகிற ஆள் என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

* * *

எங்கள் ஊர்க் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நெல்லிக்குப்பம் என்றால் சர்க்கரை ஆலை. ஈ.ஐ.டி. பாரி கம்பெனியின் ஆலை. சென்னையில் பாரிமுனைக்குப் பெயர் வந்ததும் அந்தப் பாரியால்தான். 2000-களின் தொடக்கத்தில் இந்தக் கம்பெனி ஆலையைச் சுற்றியுள்ள கரும்பு கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தது. ‘இண்டியாக்ரிலைன்’ என்பது இணையதளத்தின் பெயர், மையங்களுக்கு ‘பாரிஸ் கார்னர்’ என்று பெயர். கிராமத்துக்குள் இணையத்தைக் கொண்டுபோனது கோர்டெக்ட்.

கோர்டெக்ட் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான சென்னை ஐஐடி-யின் டெனெட் குழுவும், அதிலிருந்து பிறந்த மிடாஸ் நிறுவனமும் 1990-களில் உருவாக்கிய அமைப்பு. இதன் அடிப்படையான டெக்ட் என்பது ஐரோப்பாவில் வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் கம்பியில்லாத போனைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்காக வந்த தரம். நாலு சுவருக்குள் ஓட வேண்டியதை எடுத்து, திசை பார்த்து அடிக்கும் ஆன்டெனாவைக் கட்டி, வயல்வெளியைத் தாண்ட வைத்தார்கள். நேர்ப் பார்வை இருந்தால் 10 கி.மீ., நடுவில் ஓர் இடைநிலையம் வைத்தால் 25 கி.மீ. போனும் பேசலாம், அதே நேரத்தில் 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம். போன் பேசாதபோது 70. இன்று கேட்டால் சிரிப்பு வரும். தொலைபேசிக் கம்பியே போகாத கிராமத்தில் அன்றைக்கு அது சாதனை. பொறியியலாக இன்றும் எனக்கு அதன்மேல் மரியாதைதான்.

நான் அப்போது சிதம்பரத்தில் பி.இ. படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வரும்போது ஒரு ஓட்டு வீட்டுக்கு மேலே இரும்புக் குழாயில் கட்டியிருந்த சின்ன ஆன்டெனாவை நின்று பார்த்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். டெக்ட் ஓடுவது 1,880-1,900 மெகாஹெர்ட்ஸில். 10 கி.மீ. இணைப்பில் அலை நூல் பிடித்த மாதிரிப் போகாது, நடுவழியில் பூசணிக்காய் போல உப்பும். உப்பலின் ஆரம் நடுவில் சுமார் 20 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 12 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். விளைந்த கரும்பு 3 மீட்டர். ஆக நடுவயலில் பதினாறு, பதினேழு மீட்டர் உயரத்தில் கோடு போக வேண்டும். கரும்பால் தொல்லை இல்லை, ஆனால் வரப்பில் நிற்கிற தென்னையும் பனையும் 20 மீட்டர் ஏறும். நம் பக்கம் ஏறி நிற்க மலையும் கிடையாது. கடலூரை ஒட்டிய கேப்பர் மலைக்கு மலை என்று பெயர்தான், தேனிக்காரர் பார்த்தால் மேடு என்பார்.

இதெல்லாம் கோட்டின் கணக்கு. ஒவ்வொரு கிராமத்துக்கும் இதைத் தனித்தனியாகப் போட்டுத்தான் ஆக வேண்டும், அவர்களும் போட்டிருப்பார்கள். ஆனால் திட்டத்தைக் காகிதத்தில் விற்றது வட்டம். கோர்டெக்டைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக ஏற்பட்ட என்-லாக் நிறுவனத்தின் மாதிரி இதுதான்: ஒரு சிறு நகரத்தில் உள்ளூர்ச் சேவையாளர் ஒருவர், அவரைச் சுற்றி 25 கி.மீ. ஆரத்தில் சில நூறு கிராமங்கள், கிராமத்துக்கு ஒரு மையம், மையத்துக்கு மாதம் இவ்வளவு வருமானம், பெருக்கிக்கொள்.

25 கி.மீ. ஆர வட்டத்தின் பரப்பு 1,960 சதுர கி.மீ. கடலூர் மாவட்டமே ஏறத்தாழ 3,700-தான். ரெண்டே வட்டத்தில் மாவட்டம் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் நெல்லிக்குப்பத்தில் கவராய முள்ளைக் குத்தி அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். சுமார் ஐந்தில் ஒரு பங்கு வங்காள விரிகுடாவில் விழும். வடக்கே தென்பெண்ணையைத் தாண்டிப் புதுச்சேரி மாநிலத்துக்குள் போகும். ஆறு, மாநில எல்லை, எந்த ஊர்க்காரன் எந்தச் சந்தைக்குப் போகிறான், எந்தத் தெருவுக்குள் யார் காலெடுத்து வைக்க முடியும், இதெல்லாம் கவராயத்துக்குத் தெரியாது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். வட்டம் பெரிதாக இருந்ததற்கு அவர்கள் பேராசை காரணமில்லை. கோர்டெக்ட் ஓடியது உரிமம் வேண்டிய அலைவரிசையில். உரிமம், டவர், நடு எக்ஸ்சேஞ்ச் என்று முதலில் ஒரு பெரிய செலவு. அதை நாலு ஊரில் பங்கு போட முடியாது, நானூறு ஊர் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸை வெளியிடத்திலும் உரிமமில்லாமல் பயன்படுத்த இந்தியாவில் வழி திறந்தது 2005 ஜனவரியில். அதற்கு முன்னால், எனக்கும் உனக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்வோம் என்று இரண்டு பேர் சேர்ந்து முடிவு செய்ய முடியாது.

ஆனால் நெல்லிக்குப்பத்தில் மற்ற ஊரில் இல்லாத ஒன்று இருந்தது. ஆலைக்கும் கரும்பு விவசாயிக்கும் நடுவில் கோடு ஏற்கெனவே இருந்தது. பதிவு, முன்பணம், வெட்டு, எடை, பட்டுவாடா என்று வருஷம் முழுக்க இரண்டு பக்கமும் சேதி ஓடிக்கொண்டே இருக்கும். மாமா ஒருவர் அந்த நாளில் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “அந்தப் பொட்டியில எதை எதையோ காட்டுறாங்களாம்டா மாப்ள. கட்டிங் ஆர்டர் எப்ப வரும்னு சொன்னா போதாதா?” மின்னஞ்சல், கம்ப்யூட்டர் வகுப்பு, உலகச் செய்தி எல்லாம் வட்டத்துக்குள் வந்த சரக்கு. மாமா கேட்டது கோட்டில் வர வேண்டியது. இந்த மாதிரி மையங்களைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதப்பட்ட அறிக்கைகளைப் படித்தால், எத்தனை கிராமம் வட்டத்துக்குள் வந்தது என்பது முதல் பக்கத்திலேயே வந்துவிடும். மாமாவின் கேள்வியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிறகு கைப்பேசி வந்தது, உள்ளூர்க் கம்பிக்கு மாற்று என்ற தேவையே கரைந்தது, கோர்டெக்டும் போனது.

* * *

அந்த 25 கி.மீ. வட்டத்துக்குள்ளேயே, பறவைக் கணக்கில் நெல்லிக்குப்பத்திலிருந்து 20 கி.மீ. தூரத்தில் வில்லியனூர் இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு நடுமையத்தை வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் ஐடிஆர்சி பணம் கொடுத்தது. தொழில்நுட்பம் என்று பார்த்தால் கோர்டெக்டுக்கு முன்னால் இது ஏழை. போலீஸ் வயர்லெஸ் மாதிரி விஎச்எஃப் ரேடியோ, அதில் பேச்சும் போகும், மெதுவாக டேட்டாவும் போகும். கரன்ட் போனால் சூரியத்தகடு.

ஆனால் பிளானைப் பாருங்கள். மையம் எங்கே வைப்பது என்பதற்கு சிக்னல் மட்டும் பதில் சொல்லவில்லை. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், வாடகை கிடையாது, அந்த இடத்துக்குள் எல்லாச் சாதியினரும் வந்துபோக முடிய வேண்டும் என்று நிபந்தனை. எம்பலத்தில் கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் வந்தது. மையத்தை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் பெண்கள். ஒரு ஆன்டெனாவின் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில், இந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதை முதல் விதியாக வைத்த பிளான் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். எந்த நெட்வொர்க் பாடப்புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

வீராம்பட்டினத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுப்பார்கள். அது ரேடியோவில் கிராமத்துக்கு வரும். வந்ததை ஒலிபெருக்கியில் ஊருக்கே படிப்பார்கள். கடலுக்குப் போகிறவன் மையத்துக்கு வர வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம், வலையைச் சரி செய்துகொண்டே கேட்கலாம். நெட்வொர்க்காரன் பார்வையில் ஒலிபெருக்கியும் ஒரு வயர்லெஸ் இணைப்புதான், கடைசி 300 மீட்டருக்கு. பெறுகிற பக்கத்தில் கருவி எதுவும் தேவைப்படாத இணைப்பு.

2004 டிசம்பர் 26 அன்று கடலூருக்கு வடக்கே உள்ள நல்லவாடு என்ற மீனவ கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அந்த ஊர்ப் பையன், தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசியிருக்கிறான். அந்தச் சேதி தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கப் போனது. ஜனங்கள் கரையை விட்டு ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஊர் பிழைத்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் ‘இணையம் உயிரைக் காத்தது’ என்று எழுதுகிறார்கள். அன்று வேலை செய்தது இணையம் இல்லை. ஒரு டெலிபோன், ஒரு ஒலிபெருக்கி, பெட்டியை எங்கே போட வேண்டும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள். வேறு ஒரு வேலைக்காகப் போட்ட கோடு அன்றைக்கு இதற்கும் உதவியது. அந்த ஒலிபெருக்கி பூட்டிய அறைக்குள் இருந்திருந்தால்? என் பள்ளிக்கூடத்து சுவிட்சை நினைத்துக்கொண்டேன்.

வில்லியனூர் மாதிரியிலும் குறை சொல்ல இடம் உண்டு. எல்லாக் கோடும் நடுமையத்துக்குப் போய்த்தான் திரும்பும், நடுமையத்தை நடத்துவது வெளியிலிருந்து பணம் வாங்கும் நிறுவனம். விருதுகள் வந்தன, 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது உட்பட. விருது வந்தபிறகு ஒரு மாதிரி பல இடங்களில் நகலெடுக்கப்படும், நகலில் முதலில் விட்டுப்போவது எம்பலத்து நிபந்தனை மாதிரி விஷயங்கள்தான். ரேடியோவை நகலெடுக்கலாம். கதவைத் திறந்துவை என்று ஊரோடு உட்கார்ந்து பேசுவதை நகலெடுக்க முடியாது.

* * *

மூன்றாவது, தேனி. இதைப் பற்றி எழுதப்பட்டது நிறைய, எழுதியவர்களும் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் சண்டை போடவும் முடிகிறது.

அரவிந்த் கண் மருத்துவமனை தன் தேனி மருத்துவமனையிலிருந்து சுற்றுவட்டார ஊர்களில் சின்னச் சின்னக் கண் மையங்களைத் திறந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பார்ப்பார், தேனியில் இருக்கிற டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். இந்த இணைப்பை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு சாதாரண வைஃபை கார்டுகளை வைத்தே போட்டுக் கொடுத்தது. 5 மையங்கள், 11 ரவுட்டர்கள், 9 நேர் இணைப்புகள். மிகச் சிறியது 1 கி.மீ., மிகப் பெரியது ஆண்டிபட்டிக்குப் போகிற 15 கி.மீ. ஆறு இடத்தில் 24 முதல் 42 மீட்டர் டவர். மற்ற இடத்தில் மொட்டைமாடிக் கம்பம், கிடைத்த உயரமான கட்டடம். ஓர் இடத்தில் ஒரு ஜவுளி ஆலை வளாகத்தின் புகைபோக்கி மேல் கட்டியிருக்கிறார்கள். சர்க்கரை ஆலைப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வரியைப் படித்ததும் ஒரு சந்தோஷம்.

வட்டமே கிடையாது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முனையில் டாக்டர், மறுமுனையில் கண் தெரியாத பாட்டி. கோடு எதற்கு என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

வைஃபை வீட்டுக்குள் ஓடுவதற்காகப் பிறந்தது. ஒரு துண்டு டேட்டாவை அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்ற கையெழுத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். வராவிட்டால் தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். வீட்டுக்குள் 30 மீட்டர் போக 0.1 மைக்ரோநொடி. 15 கி.மீ. போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி. கையெழுத்து வந்துகொண்டிருக்கும்போதே இது பொறுமை இழந்துவிடும். இரண்டு முனையும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே நேரத்தில் பேசிவிடுகிற தொல்லை வேறு. அதனால் முறை வைத்துப் பேசுவது என்று விதியை மாற்றினார்கள்: இந்த நேரம் நீ, அந்த நேரம் நான். 2007-இல் ‘வைல்டுநெட்’ என்ற பெயரில் இதை வெளியிட்டபோது, வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது என்று காட்டினார்கள். அழகான வேலை. இதைப் படித்துத்தான் நானெல்லாம் வயர்லெஸ் பக்கம் ஆசையோடு வந்தேன்.

ஆனால் அடுத்த வருஷம், 2008-இல், சொனேஷ் சுரானா, ராபின் பட்ரா உள்ளிட்ட அதே குழு எழுதிய இன்னொரு கட்டுரை உண்டு. கிராமத்து வயர்லெஸ்ஸை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பது அதன் விஷயம். வைல்டுநெட்டை விட எனக்கு இதுதான் பெரிய கட்டுரை. வேகம் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடுகிறது. பிரச்சினை கரன்ட். கரன்ட் போவதுகூட இல்லை, வருகிற கரன்ட்டின் லட்சணம். வோல்டேஜ் எகிறி அடாப்டர் எரிகிறது. இறங்கினால் ரவுட்டர் சாகாமலும் பிழைக்காமலும் தொங்குகிறது, யாராவது டவருக்குப் போய் அணைத்துப் போட வேண்டும். அதற்குத் தீர்வாக அவர்கள் வைத்தது ஒரு எளிய சர்க்யூட்: பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் தானே துண்டிக்கும், ஏறியதும் தானே சேர்க்கும். அந்த வருஷத்துக் கணக்கில் மாதம் 3,000 நோயாளிகள் இந்த இணைப்பில் டாக்டரைப் பார்த்தார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் முறை வைத்துப் பேசும் விதிக்கு எவ்வளவு பங்கோ, இந்தச் சின்ன சர்க்யூட்டுக்கும் அதில் பாதியாவது இருக்கும் என்பது என் எண்ணம்.

என் சண்டை இதுதான். அந்தக் கட்டுரையில் உள்ளூர் அனுபவமின்மை என்பது இடி, மின்னல், வோல்டேஜ் மாதிரி சூழ்நிலையின் ஒரு குணமாக வருகிறது. உள்ளூர் ஆள் தப்பான ஓட்டையில் கேபிளைச் சொருகுகிறவராக, பயிற்சி கொடுக்கப்பட வேண்டியவராக வருகிறார். பிறகு அவர்களே பெரும்பாலான பழுதுகளைப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது என்றும் கட்டுரை சொல்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வரிசை தலைகீழ். முதலில் படம், பிறகு டவர், பிறகு பழுது, கடைசியில் மனுஷன். கண் மையத்தில் காலையில் கதவைத் திறக்கிற பெண்ணிடம் முதல் நாளே கேட்டிருந்தால், எத்தனை மணிக்குக் கரன்ட் போகும், எந்த பிளக்கில் ஸ்டெரிலைசர் ஓடும், சாவி யாரிடம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பார். தேனிக்காரர்களைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர்களாவது டவர் ஏறினார்கள். நான் சென்னையை விட்டே நகரவில்லை.

* * *

இதையெல்லாம் ஆபீஸ் நண்பரிடம் சொன்னபோது அவர் ஒரே வரியில் முடித்தார். “என்ன சார், கடைசியில ஜெயிச்சது வட்டம்தானே? 2016-ல ஜியோ வந்தான், கவரேஜ் குடுத்தான், எல்லாக் கோடும் காலி.”

உண்மைதான். இதற்கு ரெண்டு நாள் யோசித்தேன். செல்போன் டவர் சுத்தமான வட்டம், யாருக்கு யாரோடு என்ன வேலை என்று அது கேட்பதே இல்லை. ஆனால் அது ஜெயித்ததற்குக் காரணம் பாதி நம் பாக்கெட்டில் இருக்கிறது. பேட்டரியை ஒவ்வொருவனும் தானே சுமக்கிறான். பூட்டையும் சாவியையும் அவனே வைத்திருக்கிறான். யாரோடு என்ன பேச வேண்டும் என்கிற கோட்டையும் அவனே போட்டுக்கொள்கிறான். வட்டம் போட்டவர்கள் செய்யாமல் விட்ட வேலையை வாடிக்கையாளன் தன் காசில் செய்துகொண்டான்.

அதுவும் எவ்வளவு தூரம்? 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனது எல்லோருக்கும் தெரியும். நாள் கணக்கில் கரன்ட் இல்லை. தெருவில் ஒருத்தர் ஜெனரேட்டர் வைத்து போனுக்குச் சார்ஜ் போட்டார், வரிசை நின்றது. சார்ஜ் ஏறிய போனை எடுத்துக்கொண்டு சிக்னலைத் தேடி ரோட்டில் நடந்தோம். அம்மாவிடம் பேச முடியாமல் சென்னையில் நான் தவித்த அந்த மூன்று நாளில், வரைபடத்தில் நெல்லிக்குப்பம் பச்சையாகத்தான் இருந்திருக்கும். நாலாம் நாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபிறகுதான் நானும் அந்த ரோட்டில் நடந்தவர்களில் ஒருவன் ஆனேன்.

* * *

பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போனேன், இந்தத் தடவை லேப்டாப் இல்லாமல். சாக்பீஸ், டேப், ஒரு நோட்டு. ஒரு நாள் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஏழு வரை யார் எந்த அறையில் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். 14 அறையில் வைஃபை உண்மையில் வேண்டியிருப்பது ஐந்தில். மாடியில் கடைசி மூன்று வகுப்பில் யாரும் எதையும் திறப்பதில்லை. அங்கே நான் ரெண்டு பெட்டி போட்டிருந்தேன், படத்தில் மஞ்சள் தெரிகிறது என்பதற்காக. ஸ்பெஷல் கிளாஸ் ஹாலில் ஒரே நேரத்தில் 60 பிள்ளைகள், ஒரே பெட்டி. சிக்னல் நன்றாக இருக்கும், ஒருவருக்கும் வேலை நடக்காது. ஒரு பெட்டி 25, 30 பேருக்குத்தான் தாங்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. சுவரைப் பார்த்தேன், தலையை எண்ணவில்லை.

கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் ஒரு அம்மா இருக்கிறார். எந்த லைன் இன்வெர்ட்டரில் இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். “சார், சுவிட்ச எங்க லேப்ல வெச்சிடுங்க. ஏழு மணி வரைக்கும் நாந்தான் இருக்கேன். இன்வெர்ட்டர் லைனும் இங்கதான் வருது. அப்பவே சொல்லணும்னு இருந்தேன், நீங்க வரவே இல்லையே” என்றார்.

புதுப் படம் நோட்டில் பென்சிலால் போட்டிருக்கிறேன். சுவிட்ச் லேபில். மாடியின் ரெண்டு பெட்டியில் ஒன்று ஹாலுக்கு இறங்குகிறது, இன்னொன்று ஸ்டோரில் இருக்கும். மூன்று இடம் மஞ்சள், ஓர் இடம் சிவப்பு. அப்பாவின் சிநேகிதர் சிவப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், “போன தடவை முழுசா பச்சையா இருந்துச்சே?” என்று. கேபிளை லேபுக்கு இழுக்க 40 மீட்டர் வேண்டும், அது வாங்கியாயிற்று. லேபின் இரண்டாவது சாவியை அந்த அம்மாவிடமே கொடுத்துவைக்கலாமா என்பது கமிட்டியில் இன்னும் முடிவாகவில்லை.